மூன்று புள்ளி பத்து

விடியற்காலை ஐந்தே முக்கால்.
ஏழாங்கட்டை ஆலையிலிருந்து பெர்னாடெட் அழைக்கிறாள்.
"லோஷினி, எங்கிட்ட இருக்கறது மூணு புள்ளி ஒம்போது.
நீ அனுப்பியிருக்கறது மூணு புள்ளி பத்து.
குறைஞ்சத எதுக்கு ஏத்தணும்?
வேண்டாம்னு அழுத்திட்டேன்."

அவள் எடைமேடைக் கிராணி.
பதினோரு வருஷமாக லாரிகளை நிறுத்தி
பழக்குலைகளை டன்னில் படிப்பவள்.
அவள் கணக்கில்
மூன்று புள்ளி ஒன்பதுக்கும் மூன்று புள்ளி பத்துக்கும் நடுவே
எண்ணூறு கிலோ செம்பனை கிடக்கிறது.
யாருடைய கூலியோ அது.

இந்தப் புள்ளி அந்தப் புள்ளி இல்லை, என்றேன்.
இது வேலி. இந்தப் பக்கம் ஓர் எண்ணிக்கை,
அந்தப் பக்கம் வேறொன்று.
ஒன்பதுக்குப் பிறகு பத்து வரும், நூறுகூட வரலாம்,
வேலி நகராது.
"அப்ப கோடு போட்டிருக்கலாமே" என்றாள்.
பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.
என்னிடம் பதில் இல்லை.

லாபிஸ் கடைத்தெருவில்
இரும்புக்கடைக்கு மேல்மாடி எங்கள் அலுவலகம்.
மூன்று பேர், இரண்டு மின்விசிறி.
முதல் மூன்று வருஷம் சுழியத்திலேயே இருந்தோம்.
சுழியம் புள்ளி ஏழு, சுழியம் புள்ளி எட்டு,
சுழியம் புள்ளி எட்டு புள்ளி இருபத்தாறு.
ஆலை பணம் கட்டிவிட்டது,
லாரிகள் ஏறி இறங்கின, சம்பளம் போட்டார்கள்.
நாங்கள் மட்டும்
இன்னும் பிறக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.
"ஒன்று போட்டால் நாம்தான் பொறுப்பு" என்பான் ஹஃபிஸ்.
அவனும் நானும் சேர்ந்தே பயந்தோம்.

இப்போது உள்ளே எல்லாவற்றையும் பிரித்துக் கட்டியிருக்கிறேன்.
பழைய ரசீதுகள் இனி திறக்காது.
முறைப்படி இது நான்கு.
தவ்கே யாப் தலையாட்டினார்:
"நான்கு வேண்டாம் லா. எங்கள் வாயில் அது சாவு.
லிஃப்டில்கூட மூன்று ஏ என்றுதானே போடுகிறான்."
ஐந்து என்றோம்.
"எட்டு வரும்போது லோஷினி அழுவாள்" என்றான் ஹஃபிஸ்.
சிரித்தேன்.
கார் எண்ணைக் கூட்டி எட்டு வந்ததென்று
முன்பணத்தை விட்டுவிட்டு வந்தவள் என் அம்மா.
யாப்புக்கோ எட்டென்றால் வாசலில் நிற்கும் லட்சுமி.

முதல் எண்ணை எல்லோரும் சண்டை போட்டு வைக்கிறோம்.
கடைசி எண்ணுக்கு யாரும் வருவதில்லை.
அது என்னுடையது.
ஆறு என்றால் ஆறு தடவை தலைகுனிந்திருக்கிறேன்:
ஈரத்தை இரண்டு முறை கழித்தது;
பெருநாளுக்கு முந்தின இரவு
ரசீதில் 'முனியாண்டி த/பெ' என்று வந்து
அப்பன் பெயரில்லாமல் நின்றது.

பசியாறாமல் மோட்டார் எடுத்துப் போனேன்.
வழியெல்லாம் பனைக்காட்டுப் பலகைகள்:
2004 பி. 2011 ஏ.
நட்ட வருஷம், அவ்வளவுதான்.
எந்தக் காடும் மற்றொன்றைவிட மேலென்று சொல்லவில்லை.

அவள் திரையின் ஓரத்தில்
ஒட்டுத்தாளில் ஒரு பட்டியல், நீல மையில்:
தீபாவளிக்கு முந்தினது.
லாரி நிறுத்தினது.
அப்பன் இல்லாதது.
நல்லது.
நல்லதுக்குப் பிறகு வந்தது.
எங்கள் எண் ஒன்றுகூட அதில் இல்லை.
ஆனால் எதையும் விடவுமில்லை.

பத்தை ஏற்றினேன்.
அவள் கீழே எழுதினாள்: லோஷினி நேரில் வந்தது.
"அடுத்தது?"
"ஐந்து."
"மூணுக்கப்புறமா?"
"ஆமாம்."

காட்டில் ஏற்றியதற்கும்
ஆலையில் இறங்கியதற்கும் நடுவே
குறைந்துபோன சரக்கைத் தேடுகிறவள்போல
என்னை மேலும் கீழும் பார்த்தாள்.